பாட்டு முடியட்டும்

எங்கள் புது வாடகை வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் முழுப் பிள்ளையார் பாட்டே ஓடுகிறது. கேட்டாலே எனக்கு எரிச்சல்.

விருத்தாசலத்தில் நான் படித்தபோது, பள்ளிகளுக்கிடையே நடந்த வினாடி வினாவில் அணிக்கொரு காலிங் பெல் வைத்தார்கள். எல்லாம் ஒரே குருவிச் சத்தம். யார் முந்தியது என்று கேள்விக்குக் கேள்வி சண்டை. மறுவருடம் அறிவியல் சார் அதைச் சீர்திருத்தினார்: அணிக்கொரு சாமி பாட்டு. எங்கள் அணிக்குப் பிள்ளையார்.

"பீங்கான் செய்யுற வெள்ளைக் களிமண்ணுக்குப் பேரு என்ன?"

அப்பா பீங்கான் கம்பெனியிலிருந்து தினமும் சட்டையில் கொண்டுவரும் மண்தான். பெல்லை அழுத்திவிட்டு வாயைத் திறந்தேன்.

"சாமி பாட்டு ஓடுதுல்ல? முடியட்டும்டா, அப்புறம் சொல்லு," என்றார் சார்.

முடிந்தபோது பதில் மறந்திருந்தது.

இப்போதெல்லாம் பாட்டு முடிவதற்குள் 'கயோலின்' என்று வாயில் வந்துவிடுகிறது. கதவைத் திறந்தால் கூரியர்காரர் நிற்கிறார். அவரிடமா சொல்வது?