மடித்து வைத்த கடைசிப் பத்தி

போன வருடம் ஆடி மாதம், உச்சி வெயிலில் பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோள்பை நிறைய நானோ மஞ்சள் சொட்டு மருந்து. இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும் என்று ஒரு அக்கா சொல்லியிருந்தார். அதற்கு முன், என்னிடம் இருந்த பேப்பர் கட்டிங்கை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். அவர் மகள் இந்த மருந்தை நம்பவில்லையாம். அவளிடம் காட்ட வேண்டுமாம்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். செங்கல் சூளை, ஓட்டல், பெயின்ட் வேலை என்று எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. ஆவடியில் சாரத்திலிருந்து விழுந்து கை உடைந்த பிறகு கிடைத்தது இந்த விற்பனை வேலை. மஞ்சளின் சத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிதாக்கியிருக்கிறார்கள், அதனால் நோய் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அதையே வீடு வீடாகச் சொன்னேன். மார்பகப் புற்றுநோய்க்கு இப்படிப்பட்ட மருந்து பலன் தரலாம் என்று ஒரு நாளிதழில் செய்தி வந்தது. வெட்டி எடுத்து லேமினேட் செய்துகொண்டேன். செய்தி நீளம், கடைசிப் பத்தி அட்டைக்குள் அடங்கவில்லை. பின்பக்கமாக மடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அட்டையை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை, நான் உட்பட.

அந்த அக்கா வீட்டிலேயே நைட்டி தைப்பவர். மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை கீமோ ஊசி ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது ஊசிக்குப் போகவில்லை என்று அன்றைக்குத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். நாள் தாண்டிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அது தப்பு என்று தெரிந்தும் ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பி வந்துவிட்டேன்.

ஜெராக்ஸ் கடை பாய் அட்டையைத் திருப்பினார்.

"அண்ணாத்தே, பின்னாடி மடிச்சி வுட்டுகீறியே, அதையும் போடணுமா?"

"இன்னா கீது அதுல?"

"ஏன் நைனா, உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றபடி அவரே உரக்கப் படித்தார். சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்குப் பலன் தருமா என்று இன்னும் தெரியாது. நோயாளிகள் நடக்கிற சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

படித்துவிட்டு என் பையைப் பார்த்தார். "இன்னா மாமே, எலிக்கா வித்துகினு கீறே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியும். அதுதான் கேவலம்.

அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று பேருந்து நிலையம் வரை போனேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நான் திருப்பிக் காட்டிய கடைசிப் பத்தியை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"அப்போ நா இவ்ளோ நாளா குட்ச்சிகினு இருந்தது இன்னா தம்பி?"

"தெர்லக்கா. நல்லதா கெட்டதான்னு கூட எனக்குத் தெர்ல. நீ ஊசிக்குப் போய்டுக்கா."

"ஊசி போட்டா பத்து நாளைக்கு சோறு எறங்காது. நீ வந்து இதே போதும்னே. அந்தக் கஷ்டம் உட்டுச்சின்னு நெனச்சிகினேன்."

திட்டவில்லை. என் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று நர்ஸ் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வர வேண்டும், குடித்த பாட்டிலையும் கொண்டுவர வேண்டும்.

"நானும் வரேங்க்கா. டாக்டராண்ட நானே சொல்லிடறேன்."

"நீ வராத. உன் மூஞ்சியப் பாத்தாலே பயமாகீது."

பையை அன்று மாலையே கம்பெனியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரியிலிருந்து அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆராய்ச்சி ஒருநாள் மனிதருக்கும் மருந்தாக வரலாம். அந்தப் பதினோரு நாள் அக்காவை என்ன செய்தது என்று போய்க் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, யாரையும் நம்பவைக்கத் தேவையில்லாத இந்தச் சுமைவேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.