ஒரு சீர் குறைவு

சீருடை தைக்கும் கூடத்தில் அவளுக்கு 'அரை இன்ச் அக்கா' என்று பெயர். யார் வெட்டிய துணியை நீட்டினாலும், டேப்பை எடுப்பதற்கு முன்பே "அரை இன்ச் கம்மி" என்பாள். அளந்து பார்த்தால் அரை இன்ச் கம்மியாகத்தான் இருக்கும்.

அவள் கணவர் எலெக்ட்ரீஷியன். அடுத்தவர் வீட்டு விளக்கையெல்லாம் எரிய வைத்த மனிதர், தன் வீட்டில் எதையும் முடித்ததில்லை. அலமாரிக்கு ஒரு கதவுதான் மாட்டினார். சமையலறைச் சுவரில் கை எட்டிய உயரம் வரைக்கும்தான் பெயின்ட். கேட்டால், "நாளைக்கு." போன வருஷம் அப்படி ஒரு நாளைக்கு மார்வலி வந்து, போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய கருவிப் பெட்டியின் அடியில், ஒரு பல்பு அட்டையின் உள்பக்கம் எழுதியிருந்த பாட்டு அவளுக்குக் கிடைத்தது.

பாதி மரக்கதவு பாதிச் சுவர்ப்பூச்சு
மீதியெல்லாம் நாளையென்றே சொல்லிவந்தேன் என்னவளே
பாதிநான் மீதிநீ ஆனபின் என்னகுறை
வீதியெல்லாம் மெச்சுகின்ற வீடு

அழுது முடித்ததும், பழக்கதோஷம், கண் அளக்க ஆரம்பித்தது. நாலு, நாலு, நாலு, மூணு. கடைசி வரியில் ஒரு சொல் கம்மி. பாவி மனுஷன், இதையும் பாதியில் விட்டிருக்கிறார்! கடைசியாகத் தன்னிடம் என்ன சொல்ல வந்தார் என்று தெரிந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

பாட்டை வெள்ளைத் துணியில் நீல நூலால் தைத்தாள். 'வீடு' என்பதற்குப் பிறகு நாலு விரல் இடம் விட்டு ஊசியைக் குத்தி வைத்தாள். வேலை விட்டு வந்ததும் அதன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்ப்பாள். 'வாழ்க' என்று வைத்தால் கட்சிக் கூட்டம் மாதிரி இருந்தது. 'இதுவே' ஒட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். துணியைப் பார்த்தவுடன் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது அண்ணன் எழுதினதா? அதான் என் யாப்புப் புத்தகத்த எடுத்துட்டுப் போய் மூணு வருஷமாத் திருப்பித் தரலையா!"

"திருப்பித் தர்றதுன்னா வேலைய முடிக்கணுமே. அத விடு. அந்தக் கடைசி வார்த்தை என்னவா இருக்கும்? நீ படிச்சவ, சொல்லு."

நாத்தனார் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் விரல் வைத்தாள். "பாதி, மீதி, பாதி, வீதி. ரெண்டாவது எழுத்து எல்லாத்துலயும் 'தி'. எதுகை தப்பல. வீதி, வீடு... மோனையும் இருக்கு. 'பாதி' மட்டும் மூணு தடவ வருது பாருங்க. முதல் ரெண்டும் நீங்க திட்டினது."

"மூணாவது அவரே" என்றாள் அண்ணி.

நாத்தனார் மேஜையில் விரலால் தட்டித் தட்டி முழுப் பாட்டையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அண்ணி, இது வெண்பா. வெண்பாவோட கடைசி அடிக்கு மூணு சீர்தான். நாலாவதா ஒரு சொல் வெச்சாதான் தப்பு."

"அப்போ?"

"அப்போ என்ன, முடிச்சுட்டாரு."

"யாரு, உங்கண்ணனா?"

"எங்கண்ணனேதான். 'என்ன குறை'ன்னு அவரே கேட்டிருக்காரு. நீங்க இங்க டேப்ப வெச்சுட்டு நிக்கறீங்க!"

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. கண் துடைக்க முந்தானையை எடுத்தவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷமாக அங்கேயே குத்தியிருந்த ஊசியை உருவினாள். விட்டிருந்த நாலு விரல் துணியை உள்ளே மடித்து, மிஷினில் வைத்து ஓரம் அடித்தாள்.

அளந்து பார்க்கவில்லை.