குரங்குக்கு எலும்புப் படம், எனக்கு மூட்டுத் தைலம்

பதினெட்டு வருடமாக எச்.ஐ.வி.யோடு குடித்தனம் நடத்தும் அறுபத்துமூன்று வயதுச் சக்கரவர்த்தி நான். மாத்திரையில் கிருமி அடங்கிக் கிடக்கிறது. கலகம் செய்வது இடுப்பெலும்புதான். கிளினிக் டாக்டரிடம் மூன்று தடவை எலும்புப் படம் கேட்டேன். மூன்று தடவையும், "வயசாச்சு லா அங்கிள்!" கையில் ஒரு தைலம். போன சனிக்கிழமை, எச்.ஐ.வி.யோடு மூப்படைவது பற்றி மலாக்காவில் இலவசப் பேச்சு என்றார்கள். படையோடு கிளம்பினேன். படை என்பது என் கைத்தடி.

காலை 7.10. நியாலாஸிலிருந்து ஜாசினுக்குப் பக்கத்து வீட்டு முனியாண்டியின் கார், பெட்ரோல் எண்ணெய்க்குப் பத்து ரிங்கிட் வெள்ளி. வழியில் ஒரு குழி. யானை குடும்பத்தோடு குளிக்கலாம். என் இடுப்பு ஏழு உலகத்துக்கும் கேட்கும்படி அலறியது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பெரோக் என்னும் குட்டைவால் குரங்குகள்.

"என் வாழைத்தாரத் தூக்கிட்டுப் போன ராஸ்கல் அதான் அங்கிள்!" என்று ஹாரனை அமுக்கினான் முனியாண்டி.

ஜாசினிலிருந்து மலாக்காவுக்கு 8.15 பஸ், நான்கு வெள்ளி. ஒன்பதரைக்கு மண்டபம். திரையில் யார்? அதே ராஸ்கல்!

வெளிநாட்டில் அந்த இனக் குரங்குக்கு எச்.ஐ.வி.யின் பங்காளிக் கிருமியை ஏற்றி, மாத்திரையும் கொடுத்துப் பார்க்கிறார்களாம். தேய்மானம் வயதாலா, கிருமியாலா, மாத்திரையாலா என்று பிரித்தறியத்தான். கடைசியில் கொன்று எலும்பை அறுத்தும் பார்ப்பார்களாம். அதுவரை அவருக்கு எலும்புப் படம், இதயச் சோதனை, ஞாபகப் பரீட்சை. ராஜ வைத்தியம்! எனக்குத் தைலம்!

பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மாவைப் பார்த்து எழுந்துவிட்டேன். "டாக்டரம்மா, குரங்குக்கு எலும்பு தேயுதா?"

"சில ஆய்வுல அப்படித் தெரியுது ஐயா. மனுஷங்களுக்கும் தேயுது."

"எனக்குத் தேயுதான்னு யாரு பார்ப்பா? மூணு தடவை கேட்டேன், தைலம் குடுத்தாங்க."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"அந்தக் குரங்கு சம்மதம்னு கையெழுத்துப் போடலம்மா. அது எலும்பக் குடுத்துச் சொன்னத என் கிளினிக்ல கேக்க ஆளில்லன்னா, அது எதுக்குச் செத்துச்சு?"

பேச்சு முடிந்ததும் டாக்டரம்மா இறங்கி வந்து, என் வயது, நோயின் வயது, மாத்திரைப் பெயர் எல்லாம் கேட்டு, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். திங்கட்கிழமை கிளினிக் டாக்டரிடம் அதை நீட்டினேன். "வயசா..." என்று ஆரம்பித்தவர் படித்துவிட்டுத் தேதிப் புத்தகத்தை எடுத்தார். பன்னிரண்டாம் தேதி எனக்குப் படம்.

போகிறவர்களுக்கு: மாத்திரைப் பெயர்களையும் தொடங்கிய வருடத்தையும் எழுதி எடுத்துப் போங்கள். மண்டபத்தில் ஏர்கான் இமயமலை, சால்வை அவசியம். கடைசி வரிசையில் உட்காராதீர்கள். கிளினிக்கில் 'வயசாச்சு' என்றால் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

முனியாண்டி, பன்னிரண்டாம் தேதி உன் வாழைத்தார் காணாமல் போனால் குரங்கைத் திட்டாதே. செம்பனை ஓரத்தில் கொண்டுபோய் வைத்தது நானாகத்தான் இருக்கும்.