ஏழாவது வட்டம்

நல்ல இரும்பைச் சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று நீளமாகச் சத்தம் வரும். துரு தின்ற இரும்போ ‘பொத்’தென்று அமுங்கிவிடும். காரைக்குடியில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் வெல்டிங் பட்டறை இருந்ததால், பள்ளிக்கூடம் சேரும் முன்பே எனக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசியில், கீழச்சிவல்பட்டிப் பெரிய வீடொன்றின் மூத்த மகன், ‘அப்பச்சி’ என்று அவர் கூப்பிடும் தகப்பனார் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரை மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்து சேர்த்தார். ஒழுகும் கொட்டகையில் பல வருஷம் நின்றதில் அதன் அடிச்சட்டம், அப்பா சொல்வதுபோல் ‘சேசிஸ்’, அங்கங்கே துருவேறிக் கிடந்தது. அப்பா மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு, சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டு, ‘பொத்’தென்ற இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் ஏழு வட்டம். அந்த இடங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையைத் துடைக்கும் பொறுப்பு பதினொரு வயது மேதாவியான என்னுடையது. சந்தனம், குங்குமம் வைக்க வேண்டுமே என்று மண்ணெண்ணெய்த் துணியால் சட்டத்தைப் பளிச்சென்று துடைத்து முடித்த பிறகுதான், வட்டங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது உறைத்தது. தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், சுத்தியல் பூசைப் பலகையில் ஏறிவிட்டது. விஜயதசமிவரை அதை யாரும் தொடக் கூடாது. அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். திட்டுக்குப் பயந்தேன். ஆறு இடங்கள் ஞாபகம் வந்தன. ஏழாவதைக் குத்துமதிப்பாகப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டுவைத்தேன்.

விஜயதசமியன்று வேலையைத் தொடங்கிய அப்பாவுக்கு ஆறு இடமும் சரியாக இருந்தன. ஏழாவதை வெட்டியவர், “நல்ல இரும்பாவுல்ல இருக்கு” என்று சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டார். “என்னத்தா, அப்பாவுக்குக் காது மந்தமாகுதோ?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கார்த்திகையில் தேவகோட்டை ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, சட்டம் முன்பக்கம் ஒடிந்து கார் புளியமரத்தில் மோதியது. கையில் மாவுக்கட்டோடு வந்த மூத்த மகன் கத்தவில்லை. “உங்க காதை நம்பித்தானே விட்டேன் ஆசாரி” என்று மட்டும் சொன்னார்.

“எங்காதுதான் தம்பி ஏமாத்திருச்சு. நீங்க பொழச்சு வந்தீகளே, அது போதும்” என்றார் அப்பா. தண்ணீர்ச் செம்போடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன்பிறகு அப்பா எந்தச் சட்டத்தையும் தான் மட்டும் கேட்டு முடிவு செய்ததில்லை. எதிர்க்கடை சைக்கிள்காரரை, “இங்குட்டு வந்து கொஞ்சம் கேளுங்க” என்று கூப்பிடுவார். உண்மையில் அவர் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. அடுப்படியில் நான் மூக்கை உறிஞ்சினால்கூடப் பட்டறையிலிருந்து என்னவென்று கேட்பார். இருபது வருஷம் தன் காதைச் சந்தேகித்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சொல்வதற்கு எத்தனையோ நாள் இருந்தது, எனக்குத்தான் துப்பில்லை.

இன்று பட்டறை இருந்த இடத்தில் மருந்துக்கடை இருக்கிறது. போன மாதம் காதுக்கு மெஷின் வாங்கப் போய்விட்டு வந்த என் தம்பி, பரம்பரையில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டதாகச் சொன்னான். “அப்பாவுக்கு அப்பவே காது மந்தம்தானே அக்கா?” என்றான்.

“ஆமாடா” என்றேன்.