தொட்டியில் கொட்டிய ப்ளீச்சிங் பவுடர்

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில், மூக்கை நம்பிப் பிழைப்பவள் நான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா "தண்ணி டிபார்ட்மெண்ட்" என்று மட்டும் சொல்வாள். வாய்விட்டுச் சொல்ல முடியாத வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

வெல்லம்

எங்கள் தொட்டியில் நிஜமாக வேலை பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். கழிவை அவை தின்று தீர்த்தால்தான் தண்ணீர் தெளிந்து ஓடை வழியாக ஆற்றுக்குப் போகும். நிலையம் தொடங்கியபோது அவற்றை வளர்க்கச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றினோம்.

மளிகைக் கடையில் மூட்டையாக வெல்லம் கேட்டதும், எந்தக் கோயிலில் பொங்கல் என்று கடைக்காரர் பக்தியோடு விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். எடுத்து வைத்த மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, கறுத்துப்போன பழைய வெல்லத்தை இழுத்துவந்தார். "அதுங்களுக்கு இது போதும்மா, நல்லதை மனுஷங்க துன்னட்டும்."

வரவேற்பு

பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். நம் ஊர் வழக்கம் தெரியுமே, அதிகாரி வந்தால் வழி நெடுக ப்ளீச்சிங் பவுடர் தூவியாக வேண்டும். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ராஜாமணி அண்ணன் எனக்கு முன்பே வந்து, கேட்டிலிருந்து கோலம் போடாத குறையாகத் தூவியிருந்தார். மிஞ்சிய மூட்டைகளை வீணாக்க மனசில்லாமல் தொட்டியிலும் கொட்டிவிட்டார்.

நுண்ணுயிர்கள் நலமாக இருந்தால் தொட்டியில் மண்வாசனை வரும். அன்று வந்தது நீச்சல்குள நெடி. வெல்லம் போட்டு வளர்த்தவை அத்தனையும் அந்தப் பவுடரில் சாகுமே! அதிகாரியோ நன்றாக மூச்சிழுத்து, ராஜாமணி அண்ணனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். கார் கிளம்பியதும் நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவருக்கு எதுவுமே புரியவில்லை. "கிருமியை ஒழிக்கத்தானே மேடம் இந்த பிளாண்ட்டையே கட்டியிருக்காங்க?"

உறைமோர்

மதியத்துக்குள் வெள்ளை நுரை பொங்கிவிட்டது. தண்ணீர் கலங்கலாகவே வெளியேறப் பார்த்தது. ஓடைக்குப் போகும் மதகை அடைத்து, எல்லாவற்றையும் காலியாக இருந்த உபரித் தொட்டிக்குத் திருப்பினேன். அது நிரம்புவதற்குள் நுண்ணுயிர்கள் பிழைக்காவிட்டால் ஊர்க் கழிவு அப்படியே ஆற்றில் விழும். 

வீட்டில் உறைமோர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்பதில்லையா? திண்டிவனம் பக்கத்து நிலையம் ஒன்றில் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும் சேறு கேட்டேன், தருகிறோம் என்றார்கள். ஏற்றிவர காஜா பாயைக் கூப்பிட்டேன். கோட்டகுப்பத்துக்காரர், சவுதியில் குடிதண்ணீர் லாரி ஓட்டியவர், இங்கே செப்டிக் டேங்க் லாரி. எங்களிடம் கொண்டுவந்து கொட்டிப் பழக்கமே தவிர, வெளியூரில் போய் ஏற்றிவந்து பழக்கமில்லை. விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே கேட்டார். "நம்மூரு ஜனங்க போறது பத்தலையா மேடம்?"

மாடு

ப்ளீச்சிங் நெடி போகும்வரை தொட்டிக்குள் மோட்டாரால் காற்றை ஓடவிட்டு, பாய் ஜல்தியாகக் கொண்டுவந்த சேற்றை இறக்கினோம். அப்புறம் காத்திருப்புதான். உபரித் தொட்டி விளிம்பைத் தொடப்போனது. ராஜாமணி அண்ணன் காற்று மோட்டார் பக்கத்திலேயே கிடந்தார். ஓடைத் தண்ணீரை நம்பி மாடு வளர்க்கும் அஞ்சலை அக்கா வந்து, தண்ணியை ஏன் நிறுத்தினாய் என்று என்னைக் காய்ச்சி எடுத்தார்.

கடைசியில் நுரை பழுப்பாக மாறியது. குனிந்து முகர்ந்தேன், மண்வாசனை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோதனையிலும் தண்ணீர் தேறியதும் மதகைத் திறந்தேன். அஞ்சலை அக்கா சோதனையையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை, மாட்டை ஓட்டிவந்தார். அது முகர்ந்தது, தலையை உதறியது, ஒரு அடி பின்னால் போனது. அப்புறம் வாயை வைத்து நிதானமாகக் குடித்தது. அக்கா என் பக்கம் திரும்பினார். "இது மட்டும் மூஞ்சத் திருப்பிக்கினு போயிருந்தா, உன்னைத்தான் மொதல்ல குடிக்க வச்சிருப்பேன்."

ஊர் அனுப்புகிற அசுத்தத்திலிருந்து ஆற்றைக் காப்பாற்றுவது சுலபம், சுத்தம் பண்ணுகிறேன் என்று கிளம்புகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.