ஈத்தமடுகில் மூன்று நிலை

காலை 8.40. "கையா, காலா?" என்று கேட்டார் எதிர் சீட்டு அம்மாள். சென்னையிலிருந்து திருப்பதி போகும் ரயிலில், மொட்டை போடப் போகிறவர்களுக்கு நடுவே, புத்தூர் வருகிறதென்று பையை எடுத்தவள் நான் ஒருத்திதான். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடத்தான் அங்கே ஆட்கள் இறங்குவார்கள் என்பது அந்த ரயிலுக்கே தெரியும். "ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு. குளிக்கப் போறேன்" என்றேன். அவர் என் தலையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். அடி அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார் போலும்.

குளிக்க என்று சொன்னது கூச்சத்தால். நான் போனது நீந்த. ஐம்பத்திரண்டு வயதில் அதை வெளியே சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது என்னிடம் அளவாகத்தான் இருக்கிறது. எங்கள் பேட்டையில் உள்ள நீச்சல் குளத்தில் ஒன்றரை வருடமாக நீந்துகிறேன். ஆனால் நான்கு அடி ஆழமுள்ள பகுதியில் மட்டும். ஆழமான பக்கத்தைப் பிரிக்க ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கயிறு நெருங்கியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே கீழே இறங்கித் தரையைத் தேடும். "ஆழம் உங்களுக்கு எதுக்கு மேடம், இங்கயே ஜாலியா இருங்க" என்றான் பயிற்சியாளன். என் மகன் வயதுதான் இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. ரயிலுக்கு அறுபத்தைந்து ரூபாய்தான் டிக்கெட்; உண்மையில் என்னைக் கிளப்பிவிட்டது அந்தக் கோபம்.

9.30. நாராயணவனம் தாண்டி, பிச்சாட்டூர் போகிற சாலையில் ஆட்டோ. பதினைந்து கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் போனில் தெலுங்கு பேசினார், என்னிடம் தமிழ் பேசினார், ஆட்டோ மக்கர் செய்தபோது இரண்டையும் கலந்து அதைத் திட்டினார். தை மாதக் கடைசி. இரண்டு பக்கமும் மாந்தோப்புகள் பூத்திருந்தன. அந்த வாசனையில் கண் சொக்கியது. தோப்புகளுக்குப் பின்னால் மலை தொடங்குகிறது: செம்பாறை, முள்ளு, காய்ந்த புல். தண்ணீர் என்ற பேச்சுக்கே அங்கே இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

அடிவார ஊரில் வசந்தா காத்திருந்தாள். முப்பத்தைந்து வயது, புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தோளில் காற்றடித்த லாரி டியூப். தலைமுறைகளாக இங்கே விவசாயம் செய்யும் தமிழ்க் குடும்பம். படித்தது தெலுங்குப் பள்ளியில். தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில், வருகிறவர்களைக் கோனைக்குள் அழைத்துப் போவாள். கோனை என்றால் மலைப்பிளவு. சாப்பாடு சேர்த்து எண்ணூறு ரூபாய்.

இவளிடம் இரண்டு நாள் முன்பு போனில் பேசியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "ஈத ஒச்சாக்கா?" என்று கேட்டாள். "ஈச்சம்பழத்துக்கு இன்னும் சீசன் வரலையேம்மா" என்றேன். "பழமா?" என்றாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். தெலுங்கில் ஈத என்றால் ஈச்சமரமும் உண்டு, நீச்சலும் உண்டு. எனக்கு நீச்சல் வருமா என்று கேட்டிருக்கிறாள். நாங்கள் போகும் மடுவுக்கே ஈத்தமடுகு என்று பெயர். மரத்தால் வந்த பெயரா, நீச்சலால் வந்ததா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

10.10. வனத்துறைத் தடுப்பில் பையைச் சோதித்தார்கள். செம்மரம் விளையும் மலை ஆயிற்றே. கொய்யாப்பழம் நறுக்க வைத்திருந்த என் விரல் நீளக் கத்தியைக் காவலர் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது தருவதாகச் சொன்னார். அதை வைத்து செம்மரத்தில் நான் பல் குத்தும் குச்சி வேண்டுமானால் சீவியிருப்பேன்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. வறண்ட ஓடைதான் பாதை. முதலில் வெயில், கூழாங்கல், செருப்புக்குள் மணல். போகப் போக இரு பக்கப் பாறைகளும் நெருங்கி வந்தன. ஈச்சமரங்கள் தென்பட்டன. எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வசந்தாவும் பேச்சை எப்போது நிறுத்தினோம் என்று எனக்கு நினைவில்லை.

11.45. ஒரு திருப்பத்தில் பாறைகள் விலகி, மடு கிடந்தது. கரும்பச்சைத் தண்ணீர், அசைவே இல்லை. இரண்டு பஸ்களை அடுத்தடுத்து நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. அந்தக் கோடியில் மலை பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது; உச்சி வெயில் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே விழும். நீந்தினால்தான் போக முடியும். என் கண் தண்ணீரின் குறுக்கே அந்தக் கயிற்றைத் தேடியது.

வசந்தா சாப்பாட்டையும் என் போனையும் ஓர் அலுமினியக் குண்டானில் வைத்து, வாயைப் பாலிதீனால் கட்டி, டியூப் நடுவில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, இங்க நிலை இருக்கா?" என்று கேட்டேன். கால் ஊன்ற இடம் உண்டா என்பதுதான் என் கேள்வி.

"நிலுவா?" என்றாள் முடிச்சுப் போட்டுக்கொண்டே. "மூணு இருக்கும்க்கா."

அப்பாடா என்று இருந்தது. மூன்று இடங்களில் கால் ஊன்றலாம். மூன்று நிறுத்தம் உள்ள பஸ்ஸில் ஏறுகிற நிம்மதியோடு இறங்கினேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. வசந்தா டியூப்பைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். நான் நீந்தினேன். முதல் நிலை வரட்டும், தேவைப்பட்டால் நிற்கலாம் என்று நினைத்தேன், தேவைப்படவில்லை. இரண்டாவதில் பார்ப்போம் என்று விட்டேன். மூன்றாவதை மறந்தே போனேன். கால்கள் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. பிளவுக்குள் பாறை கைக்குத் தட்டுப்பட்டபோதுதான், வந்து சேர்ந்துவிட்டேன் என்று புரிந்தது.

உள்ளே ஒரு கூடம். கூரைக்குப் பதில், மேலே வெகு உயரத்தில் ஒரு முழம் அகல வானம். சுவரில் ஈரப்பாசி, சொட்டுச் சொட்டாக நீர். இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து மிதந்தேன். பன்னிரண்டே கால் மணிக்கு வெயில் இறங்கியது. தண்ணீரில் பட்ட வெளிச்சம் சுவர்களில் ஏறி நெளிந்தது. பாறை மிதக்கிறதா, நான் மிதக்கிறேனா என்று தெரியவில்லை. வசந்தா ஏதோ சொன்னாள். அது சுவரில் பட்டு, கொஞ்சம் தாமதமாக, வேறு யாரோ சொல்வதுபோல் வந்து சேர்ந்தது. அம்மாவின் வீடு, வங்கி வேலை, போன வருடம் செய்துகொண்ட ஆபரேஷன் எல்லாம் வேறொருத்தியுடையவைபோல் இருந்தன. அந்த வேறொருத்திமேல் எனக்குப் பிரியமாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. வெளிச்சம் சுவரை விட்டுப் போனபோது அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

12.50. மணி பார்க்க எடுத்த போனை உள்ளே வைத்து, குண்டானைத் திரும்பக் கட்டும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்: "மூணு நிலைன்னியே, ஒண்ணுகூட என் காலுக்கு அகப்படல பாரு."

வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். "நிலையா? நான் எங்கக்கா சொன்னேன்? மூணு நிலுவு லோத்துன்னு இல்ல சொன்னேன்."

"அப்படின்னா?"

"நிலுவுன்னா ஒரு ஆளு ஒயரம். ஒருத்தர் தலை மேல ஒருத்தரா மூணு ஆளு நின்னா எவ்ளோ ஆழமோ அவ்ளோ. கெணத்துல நாங்க அப்டித்தான் சொல்றது. அத்தினி ஜோரா நீஞ்சிக்கினு வந்தீங்களே, உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன்."

மடுவைத் திரும்பிப் பார்த்தேன். சற்றுமுன் மிதந்த அதே தண்ணீர்தான். இப்போது கறுப்பாகத் தெரிந்தது. வேறு வழி உண்டா என்று கேட்டேன். இல்லை. வசந்தாவின் முகம் வாடிவிட்டது.

"தப்பு என்னுதுதான்க்கா. டியூப்ப புடிச்சிக்கினு வாங்க, நான் இஸ்துக்கினு போறேன். யாரும் பாக்கல."

நல்ல யோசனைதான். நானும் டியூப்பில் கை வைத்தேன். ரப்பர் சூடாக, நம்பிக்கையாக இருந்தது. அப்போது அந்தப் பயல் சொன்னது காதில் விழுந்தது, ஆழம் உங்களுக்கு எதுக்கு மேடம் என்று. எதுக்கு என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் வரும்போது என்னைச் சுமந்தது இல்லாத மூன்று தரைகள் அல்லவே. தண்ணீர்தானே?

"நீ முன்னால போ, வசந்தா. என் கண்ணுல படற தூரத்துல இரு" என்றேன்.

"மெல்லகா வாங்க" என்றாள். இரண்டு கை வீச்சுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நடு மடுவில் என் கால்கள் இறங்கத்தான் செய்தன. பழைய புத்தி. பல்லைக் கடித்துக்கொண்டு, தேடட்டும் என்று விட்டேன். தேடின. கணுக்காலுக்குக் கீழே இன்னும் குளிர்ந்த தண்ணீர், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பயந்தேன், நன்றாகவே பயந்தேன். ஒரு வாய் தண்ணீரும் குடித்தேன். பிறகு கால்கள், வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்து திரும்பும் விருந்தாளிபோல், தாமாகவே மேலே வந்தன. உதைத்தன. நான் போனேன்.

கரையில் வசந்தா என் கையைப் பிடித்துத் தூக்கி, "ஈத ஒச்சுக்கா உங்களுக்கு" என்றாள். இந்த முறை அர்த்தம் கேட்கவில்லை. வேர்க்கடலைத் துவையலும் சோறும் பசியோடு தின்றோம்.

மாலை 6.15, புத்தூர் ஸ்டேஷன். கத்தி திரும்பக் கிடைத்துவிட்டது. கொண்டைக்குள் இன்னும் கொஞ்சம் ஈரம். நாளைக் காலை ஆறு மணிக்கு எங்கள் பேட்டைக் குளத்தில் இருப்பேன். அங்கே சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் '4 அடி' என்று எழுதியிருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. இங்கேயோ ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதால் அக்கரை போனேன். சரியாகக் கேட்டிருந்தால் கரையில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

பெஞ்சில் பக்கத்தில், கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய பெரியவர் ஒருவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு எங்கம்மா?"

"கால்லதாங்க. ரொம்ப நாளா."

"கட்டு ஒண்ணும் காணோமே?"

"கட்டலீங்க" என்றேன். "அவுத்து வுட்டாங்க."