சுகந்தியின் காலிக் கட்டம்

உங்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு, உங்களைப் பார்த்தே இராத வெளிநாட்டுக்காரர்களை வைத்து நான் பதில் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? என் வேலையே அதுதான்.

1. ஓட்டை

கோச்சடையில் ஒரு ஜெனெடிக்ஸ் லேப். கம்ப்யூட்டர் அறைக்கு நான் ஒருவன்தான். கூடப் படித்த பயல்கள் எல்லாம் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். காலையில் ஏசியைப் போட்டால், மாலையில் அணைக்கும்வரை பேச்சுத் துணை கிடையாது.

டிஎன்ஏவைச் சிப் என்கிற சின்னச் சில்லில் வைத்துப் படிக்கும்போது சில இடங்கள் பதிவாகாது. அங்கே 0 0 என்று நிற்கும். நிரப்ப ஒரு வழி உண்டு. ஒவ்வொருவரின் டிஎன்ஏவையும் அப்பா வழி இழை, அம்மா வழி இழை என்று பிரிப்போம். அப்படிப் பிரித்த இழைதான் ஹாப்லோடைப். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் அதே எழுத்துகள் உள்ள இழை வேறு யாரிடம் இருக்கிறது என்று சாஃப்ட்வேர் தேடி, அவர் எழுத்தை இங்கே போடும். தேடுகிற கூட்டம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள்.

2. சுகந்தி

சௌராஷ்டிரா வீட்டுப் பெண், ஸ்கூல் டீச்சர். தம்பிக்குப் பரம்பரைக் கண் நோய், பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இவளுக்கு மாமா மகனோடு கல்யாணப் பேச்சு. இருவரிடமும் அந்தக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். மாமா மகனிடம் இருப்பது தெரிந்துவிட்டது. சுகந்திக்குச் சரியாக அந்த இடம்தான் 0 0.

காளவாசலில் பஸ் மாறி வாராவாரம் வருவாள். அந்த அறையில் வேலை விஷயம் தாண்டி என்னோடு பேசிய ஒரே ஆள்.

"என்னண்ணே, ஒங்க கம்ப்யூட்டர் இன்னும் வாயத் தொறக்கலையா?"

சாஃப்ட்வேரை ஓட்டினேன். 'கோளாறு இல்லை' என்றது. லேப் தலைவி மேடம் எட்டிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. சொல்லி அனுப்பிருப்பா."

"இவங்க சொந்தத்துக்குள்ளயே கட்டுறவங்க மேடம். இவங்க இழை அந்தக் கூட்டத்துலயே இல்ல."

அப்பா, அம்மா, தம்பி இழைகளை வைத்துத் திரும்ப ஓட்டினேன். அம்மாவிடமிருந்து வந்தது நல்ல இழை. அப்பா வழி இழை, அப்பாவின் இரண்டு இழைகளும் வெட்டி ஒட்டி வந்தது: பாதிவரை தம்பிக்கு வந்த அதே கோளாறு இழை, அப்புறம் நல்லது. மாறுகிற இடம் அந்த ஓட்டையேதான்; அங்கே விழுந்தது கோளாறா, நல்லதா என்று கணக்கால் சொல்ல முடியாது.

சுகந்தியிடம் சொன்னேன். "தெரியலங்க. இன்னொரு தடவ ரத்தம் குடுங்க. அந்த ஒரு எடத்த மட்டும் நேராப் படிச்சிருவோம்."

"எம்புட்டுப் பேருக்கு எழுத்து இரவல் வாங்கிப் போடுறீங்க. எனக்கு ஒண்ணு போடக் கூடாதாக்கும்?"

"ஆயிரம் பேரு கணக்குல ஒண்ணு தப்பினா ஒண்ணும் ஆகாது. இங்க நீங்க ஒரு ஆளு."

இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். சுகந்தி ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

"நிச்சயத்தத் தள்ளிப்போடச் சொல்லிருதேன். வாரேண்ணே."

பதில் வந்துவிட்டால் அவள் இங்கே வர வேலையில்லை. அந்த இடத்தை நேராகப் படிக்க சாம்பிள் ஹைதராபாத் போயிருக்கிறது. இப்போது திரையில் அவள் கட்டம் 0 0.